கரித்துணிக்கு வயிறு சரியில்லை

பயந்த ஆள் என்று யாரையாவது சொன்னால் அது வசவு. பிரேக்கைச் சொன்னால் அது நற்சான்று.

லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் இருபத்தாறு வருடமாக அவர் மெக்கானிக். 'பிரேக்' என்பது கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர். லிஃப்ட்டின் பிரேக்கை மற்றவர்கள் ஒரு தடவை பார்த்துவிட்டுத் தாளில் 'சரி' என்று எழுதுவார்கள். இவர் மூன்று தடவை பார்ப்பார். கீழே இறங்கி வந்தபிறகு சந்தேகம் தட்டினால் மறுபடியும் பதினோரு மாடி ஏறுவார், அதுவும் படியில். "உங்க லிஃப்ட்ல நீங்களே ஏற மாட்டீங்களா?" என்று சின்னவர்கள் கேலி செய்வார்கள். "ஏறுவேன். பாத்துட்டு ஏறுவேன்" என்பார். நாற்பத்தொரு கட்டடங்களில் அவருடைய கையெழுத்தை நம்பி ஜனங்கள் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தார்கள்.

இந்தப் பயம் பிறவியில் வந்ததில்லை. இருபத்து மூன்று வயதில் ஒரு லிஃப்ட்டின் அடிக்குழியில் இறங்கி எண்ணெய் துடைத்துக்கொண்டிருந்தபோது, மேலே யாரோ பொத்தானை அழுத்திவிட்டார்கள். பெட்டி இறங்கி வந்தது. குழியில் தாங்குகிற ஸ்பிரிங் அதைப் பிடித்து நிறுத்தியது. மல்லாந்து கிடந்த அவருடைய மூக்குக்கும் பெட்டியின் அடித்தகட்டுக்கும் நடுவே ஒரு சாண். அந்த ஒரு சாணுக்குள் ஒன்றேகால் மணி நேரம் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கும் பயம்தான் காரணம் என்பது அக்காவின் கட்சி. அக்கா தொலைபேசி நிலையத்தில் முப்பது வருடம் இணைப்புக் கொடுத்து ஓய்வு பெற்றவள். அவளும் தனிக்கட்டை. இருவரும் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில், இரண்டு அறையும் ஒரு சமையலறையுமாகக் குடியிருந்தார்கள். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. அதைப் பார்த்துத்தான் அந்த வீட்டை அவர் பிடித்தார் என்று அக்கா சொல்வாள்.

பூனை வந்தது வேலை வழியாக. விலங்குக் காப்பகம் ஒன்றில் தீனி மூட்டை ஏற்றும் சின்ன லிஃப்ட் நின்றுவிட்டது. மோட்டார் இருந்த அறைக்குப் பக்கத்தில் இன்னோர் அறை. அங்கே பன்னிரண்டு கூண்டுகள். ஒன்றில் ஒரு பூனை உட்கார்ந்திருந்தது. கறுப்பும் சாம்பலும் பழுப்புமாக, அடுப்படியில் வருஷக்கணக்காகப் பாத்திரம் பிடித்த துணி மாதிரி நிறம். கூண்டில் தொங்கிய அட்டையில், 'வீட்டுக்குப் போய் இரண்டு முறை திரும்பியது. காரணம்: வயிறு' என்று எழுதியிருந்தது.

பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கண்ணால் கூண்டை அளந்தார். உயரம் இரண்டு அடி. பூனை நிமிர்ந்து உட்கார்ந்தால் காதுக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

"எத்தனை நாளா இங்க இருக்கு?"

"எட்டு மாசம்" என்றாள் பதிவேடு எழுதுகிற அம்மாள். "நல்ல பொண்ணுதான். வயிறுதான் நிக்க மாட்டேங்குது. யாரு வச்சுப்பா?"

லிஃப்ட்டைச் சரிசெய்து, மூன்று தடவை பார்த்து, கையெழுத்துப் போட்டுவிட்டு, கருவிப் பெட்டியை ஒரு கையிலும் பூனைக்கூடையை மறு கையிலுமாக வீட்டுக்கு வந்தார்.

"என்னடா இது? கரித்துணிக்குக் கால் முளைச்ச மாதிரி இருக்கு!" என்றாள் அக்கா. பெயர் அப்படியே நின்றுவிட்டது.

காப்பகத்தில் கொடுத்த தாளில் இருபத்தொரு நாள் கட்டம் போட்டிருந்தது. அது பரீட்சைக் காலம். தினமும் காலையில் தீனி, தண்ணீர், வாந்தி, மலம் என்று ஒவ்வொரு கட்டமாக நிரப்ப வேண்டும். அம்மாள் மூன்று நாளுக்கு ஒருமுறை ஃபோன் செய்து கேட்பாள். கீழே பொடி எழுத்தில் ஒரு விதி இருந்தது: மூன்றாம் முறையும் திரும்பி வரும் விலங்கு, வீடுகளுக்குத் தகுதியற்றது என்று பதிவாகும், அதன்பின் அது காப்பகத்திலேயே வைத்துக்கொள்ளப்படும். வேறு யாரும் அதைப் படித்திருக்க மாட்டார்கள். பிரேக் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறவர் இல்லை.

முதல் மூன்று நாள் கரித்துணி சோபாவுக்கு அடியில் இருந்தது. நாலாம் நாள் காலை, மணல் தட்டில் மலம் கூழ் போலக் கிடந்தது. ஓரத்தில் சளி. நாற்றத்தில் அக்கா எல்லா ஜன்னலையும் திறந்தாள்.

"இது பூனையா, சாக்கடை அடைப்பாடா?"

அவர் தாளை எடுத்தார். மலம் என்ற கட்டத்துக்குள் கெட்டி, இளக்கம், தண்ணீர் என்று மூன்று வார்த்தை. ஒன்றை வட்டமிட வேண்டும். கண்ணுக்குள் அந்தப் பன்னிரண்டு கூண்டும் வந்து நின்றன. பேனா 'கெட்டி'யை வட்டமிட்டது.

கை தானாகச் செய்தது என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். இருபத்தாறு வருடமாக ஒரு கட்டம்கூட அந்தக் கை தானாக நிரப்பியதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

நாளைக்குச் சரியாகிவிடும், அப்போது எழுதினது உண்மையாகிவிடும் என்பது அவருடைய கணக்கு. சரியாகவில்லை. தீனியை மாற்றினார். டப்பா மீன் கொடுத்தார். மறுநாள் வேகவைத்த கோழி. அதற்கு மறுநாள் வேறொரு கம்பெனியின் உலர்தீனி. அவர் வேலைக்குப் போனபிறகு அக்கா தன் பங்குக்கு வெதுவெதுப்பாகப் பால் ஊற்றினாள். மாற்றிய ஒவ்வொன்றுக்கும் கரித்துணியின் வயிறு ஒரு படி இறங்கியது. கட்டத்தில் மட்டும் கெட்டி, கெட்டி, கெட்டி என்று ஒரே சீராக நின்றது.

ஃபோன் வரும். "எப்படி இருக்கா?" என்பாள் அம்மாள்.

"நல்லா இருக்கும்மா. ஒண்ணும் பிரச்னை இல்ல."

அவர் ஃபோனை வைக்கும்போதெல்லாம் அக்கா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கிப் பார்ப்பாள். ஒன்றும் கேட்க மாட்டாள். அவர் காது இரண்டும் சிவந்திருக்கும்.

பதினோராம் நாள் எடை பார்க்கக் காப்பகத்து மருத்துவமனைக்கு வரச் சொன்னார்கள். கிளம்பும் முன் வெந்நீரில் துணி நனைத்துப் பூனையின் பின்பக்கத்தைத் துடைத்து, காயவைத்து, சீப்புப் போட்டு வாரினார். டாக்டர் இளம்பெண். தராசைப் பார்த்தாள். நானூறு கிராம் குறைந்திருந்தது. தாளைப் பார்த்தாள்.

"மலம் எல்லா நாளும் கெட்டி. அப்ப வயிறு தேறிடுச்சு. பின்ன ஏன் எடை குறையுது?" பூனையின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தாள், தொண்டையைத் தடவினாள். அவள் தேட வேண்டாத இடத்தில் எல்லாம் தேடுவதைப் பார்த்துக்கொண்டு அவர் நின்றார். "சரி, எதுக்கும் நாளைக்குக் காலைல புதுசா மல மாதிரி கொஞ்சம் கொண்டு வந்து குடுங்க சார். சின்ன டப்பா போதும்."

அன்று மதியம் ஒரு கட்டடத்தில் வேலை. அங்கே இரண்டு லிஃப்ட். மறுநாள் முதல் லிஃப்ட்டைச் சோதிக்க அதிகாரி வருகிறார். மின்சாரம் போனால் எரிய வேண்டிய அவசர விளக்கின் பேட்டரி அதில் செத்துக் கிடந்தது. கூட வந்த மெக்கானிக்குக்கு 'ஸ்பேர்' என்று பெயர். காரணம் உண்டு. இரண்டாம் லிஃப்ட்டின் நல்ல பேட்டரியைக் கழற்றி முதலாவதில் மாட்டிக்கொண்டிருந்தான்.

"என்னடா பண்ற?"

"அண்ணே, அவர் நாளைக்கு இதை மட்டும்தான் பாப்பாரு. நாளான்னைக்கு திருப்பி மாட்டிருவேன். யாருக்கு என்ன நஷ்டம்?"

"நடுவுல கரண்ட் போயி ரெண்டாவதுல ஒருத்தி மாட்டிக்கிட்டா? இருட்டுல நிக்கிறவகிட்ட போய்ச் சொல்லு, யாருக்கு என்ன நஷ்டம்னு! கழட்டுடா!"

அவர் அப்படிக் கத்தி யாரும் பார்த்ததில்லை. ஸ்பேர் கழற்றினான். "இன்னைக்கு பிரேக் ஒயரு சூடா இருக்கு" என்று முணுமுணுத்துக்கொண்டான்.

மறுநாள் காலை ஆறரை மணிக்குப் பிரேக் கையில் ஒரு சின்ன டப்பாவோடு கீழே இறங்கினார்.

அவர் குடியிருந்த கட்டடத்தின் தரைத்தளத்தில் ஜெராக்ஸ் கடை. அந்தக் கடைக்காரரிடம் ஒரு பூனை இருந்தது. சூடான மெஷின் மேலேயே நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும். பெருத்த உடம்பு, பளபளவென்று மஞ்சள் ரோமம். வாடிக்கையாளர்கள் அதை முதலாளி என்பார்கள். கடைக்குப் பின்னால் மீந்துபோன கட்டட மணல் ஒரு குவியல். முதலாளி காலைக்கடனை அங்கேதான் கழிக்கும். குனிந்து ஒரு குச்சியால் கிளறிக்கொண்டிருந்தவருக்குப் பின்னால் கடைக்காரரின் குரல் கேட்டது.

"அண்ணே, என்ன தேடுறீங்க?"

"ஒரு ஸ்க்ரூ விழுந்துடுச்சு."

"நானும் தேடட்டுமா?"

"வேணாம், வேணாம். கிடைச்சிடுச்சு" என்று டப்பாவை மூடினார். நல்ல கெட்டியான மாதிரி. தாளில் வட்டமிட்டபடியே இருந்தது.

அதைக் காப்பகத்தில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனார். அன்றைக்கு ஸ்பேருடைய முகத்தைப் பார்க்கக் கூசியது.

அடுத்த நாள் டாக்டரே ஃபோன் செய்தாள். "சார், காரணம் கிடைச்சிடுச்சு. வயித்துல உருளைப்புழு. முட்டை நிறைய இருக்கு. கொண்டு வாங்க, மாத்திரை போட்டுடலாம்."

அந்தப் பளபள முதலாளிக்குள்ளா புழு? அவருக்கு முதலில் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு பாதியிலேயே குளிர்ந்துபோனது. புழு கடைப் பூனைக்கு. மாத்திரை இவர் பூனைக்கு.

டாக்டர் மாத்திரையை எடுத்தாள். பூனையைப் பிடித்துக்கொண்டு நின்றது அவர்தான். வேண்டாம் என்ற வார்த்தை நெஞ்சிலிருந்து கிளம்பித் தொண்டைவரை வந்தது. அங்கே பன்னிரண்டு கூண்டும் அதை மறித்தன. கரித்துணி மாத்திரையை விழுங்கிவிட்டு அவர் கையையே முகர்ந்தது. டாக்டர், "நாலு நாள்ல தேறிடும். அப்புறம் பாருங்க" என்றாள்.

அந்த நாலு நாளை அவர் எப்படித் தள்ளினார் என்று அவருக்கே தெரியாது. மருந்து மாறிப் போனதில் செத்துவிடுமோ? எந்த நேரத்தில் சாகும்? வேலையிடத்திலிருந்து மணிக்கு ஒருதரம் அக்காவுக்கு ஃபோன் செய்து, "மூச்சு விடுதா?" என்று கேட்டார். "நான் விடறேன். அதுவும் விடுது" என்றாள் அக்கா. இன்னொரு பயமும் கிளம்பியது. பூனைத் தாளில் பொய் எழுதின கை, லிஃப்ட் தாளில் எழுதியிருக்காது என்று என்ன நிச்சயம்? அந்த இரண்டு வாரத்தில் கையெழுத்துப் போட்ட ஒன்பது லிஃப்ட்டுக்கும் திரும்பப் போய் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தன. ஆனாலும், சரி என்று எழுதியபோது பார்த்துத்தான் எழுதினாரா என்பது அவருக்கு ஞாபகம் வரவில்லை.

பதினேழாம் நாள் காலை தட்டில் ரத்தம் இருந்தது. பூனையைக் காணோம். தேடினால், சமையலறைத் தொட்டிக்கு அடியில், ஈரத் தரையில் வயிற்றை ஒட்டிக்கொண்டு கிடந்தது. பிடரித் தோலைக் கிள்ளித் தூக்கினார். விட்டபிறகும் தோல் தூக்கினபடியே நின்றது.

"அக்கா" என்றார். குரல் அவருடையதாக இல்லை.

அக்கா வந்து பக்கத்தில் குந்தினாள். பூனையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "இப்பவாவது சொல்லு. ரெண்டு வாரமா ஃபோன்ல யாருக்கு என்ன பொய் சொல்லிட்டு இருக்க?"

சொன்னார். தாளைச் சொன்னார், டப்பாவைச் சொன்னார்.

"யாரோட மாதிரி?"

"முதலாளியோடது."

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். தரையில் கிடந்ததைப் பார்த்ததும் அது அப்படியே அடங்கியது.

"எழுந்திருடா. போய்ச் சொல்லு."

"சொன்னா கூண்டுல போட்டுடுவாங்க அக்கா. சாகிற வரைக்கும் கூண்டு. தாள்ல போட்டிருக்கு."

"கூண்டுல உயிரோட இருக்கும். இங்க?"

அவர் கூடையை எடுத்தார்.

டாக்டரிடம் சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. இரண்டு வாரம் சுமந்தது அவ்வளவு சின்னதாக இருந்தது. டாக்டர் திட்டியிருந்தால் தேவலை. பூனையிடமிருந்து தானே மாதிரி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது பேச்சு மெதுவாகத்தான் வந்தது.

"புழு இல்ல. ஜியார்டியா. கண்ணுக்குத் தெரியாத கிருமி, குடல்ல ஒட்டிக்கிட்டு இருக்கு. எட்டு மாசம் கூண்டுல இருந்தப்பவே இருந்திருக்கும். நாங்களும் தவற விட்டிருக்கோம். இதுக்கு மருந்து இருக்கு சார்."

"அந்த மாத்திரை போட்டதால ஏதாவது..."

"அது கெடுதல் பண்ணல. போன நாலு நாள்தான் கெடுதல் பண்ணுச்சு. உடம்புல தண்ணியே இல்ல. பிழைக்குமான்னு இன்னைக்கு என்னால சொல்ல முடியாது."

பூனையின் முன்னங்காலில் ஊசி குத்திக் குழாய் மாட்டி, கூண்டில் வைத்தார்கள். அதே அறை. பதிவேட்டு அம்மாள் அவருடைய தாளை வாங்கி, பதினேழு கட்டத்தையும் விரலால் தடவிப் பார்த்தாள். "உங்களை நம்பினேன். லிஃப்ட்டுக்காரர், பொறுப்பான ஆளுன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன்" என்றாள். "பொய் எழுதற வீட்டுக்கு எங்க பூனை போகாது. இது மூணாவது தடவை திரும்புது. நான் எழுதித்தான் ஆகணும்."

"இன்னும் எழுதிடாதீங்க" என்றாள் டாக்டர். "முதல்ல பிழைக்கட்டும்."

மூன்று நாள் வேலைக்குப் போகும் முன்னும் வந்தபின்னும் அந்த அறையின் கண்ணாடிக்கு வெளியே நின்றார். உள்ளே விடவில்லை. கரித்துணியின் விலா ஏறி இறங்குவதை எண்ணினார். இரண்டு மூச்சுக்கு நடுவே இடைவெளி நீளும்போதெல்லாம் இவருடையதும் நின்றது. இரண்டாம் நாள் அது தலையைத் தூக்கித் தண்ணீர் குடித்தது. மூன்றாம் நாள் எழுந்து நின்றது. பிழைத்துவிட்டது என்று தெரிந்ததும் அடுத்த பயம் இடத்தைப் பிடித்துக்கொண்டது. பிழைத்தது இந்தக் கூண்டுக்குள் கிடக்கத்தானா?

இதற்கு நடுவில் ஜெராக்ஸ் கடைக்கும் போனார்.

"தம்பி, உங்க முதலாளிக்கு வயித்துல புழு இருக்கு. மாத்திரை போடணும்."

கடைக்காரர் மெஷின் மேல் இருந்த மஞ்சள் மலையைப் பார்த்தார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பிரேக் சொன்னார்.

"அப்ப அன்னைக்கு ஸ்க்ரூன்னு சொன்னது?" என்றார் கடைக்காரர். அவர் சிரித்து முடிக்க நேரம் பிடித்தது. பிறகு பூனையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "எனக்கே தெரியாதேண்ணே" என்றபோது முகம் வெளுத்திருந்தது.

நாலாம் நாள் அக்கா புடவை மாற்றிக்கொண்டு அவர் கூடவே கிளம்பினாள். காப்பகத்தில் பதிவேட்டு அம்மாளுக்கு எதிரே போய் உட்கார்ந்தாள்.

"இவன் என் தம்பி. பொய் சொன்னா இவனுக்குக் காது சிவக்கும். நீங்க தாளைப் பாத்தீங்க, காதைப் பாக்கல. நான் பாத்தேன், பேசாம இருந்தேன். தப்புல பாதி என்னுது. அவன் இல்லாதப்ப பால் வேற ஊத்தியிருக்கேன்."

"நீங்க வேற பாலா!" என்று அம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"பூனையை என் பேர்ல குடுங்க. தாளை நான் எழுதறேன். முப்பது வருஷம் ஒருத்தர் பேசினதை இன்னொருத்தர்கிட்ட அப்படியே சேர்த்தவ நான். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன்."

அம்மாள் டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் ஜன்னல் பக்கம் பார்த்தாள். பிரேக்கின் கை, சட்டைப் பையில் இருந்த ஸ்குரூடிரைவரை இறுக்கிப் பிடித்திருந்தது. கடைசியில் அம்மாள் புதுத் தாள் ஒன்றை எடுத்து அக்காவின் பக்கம் தள்ளினாள். "மறுபடியும் இருபத்தொரு நாள். இவர் பேனாவைத் தொடக் கூடாது."

நாற்பத்தொரு கட்டடங்களில் கையெழுத்துச் செல்லுகிற மனிதருக்கு ஒரு பூனைக்குக் கையெழுத்துப் போட உரிமை இல்லாமல் போனது. அவர் கூடையைத் தூக்கிக்கொண்டார்.

வீட்டில் மருந்து, ஒரே தீனி, கொதிக்கும் நீரில் தினமும் தட்டுக் கழுவல். பால் பாத்திரத்தை அக்காவே மேல் அலமாரியில் வைத்துவிட்டாள். முதல் நாள் இளக்கம். இரண்டாம் நாள் கொஞ்சம் தேவலை. மூன்றாம் நாள் காலை அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தட்டின் மேல் குனிந்தாள்.

"தண்ணி" என்று சொல்லிக்கொண்டே வட்டமிட்டாள்.

"இளக்கம்னு போடலாமே அக்கா. ஓரத்துல கொஞ்சம் கெட்டியாத்தான்..."

"அதான் உன்கிட்ட பேனாவைக் குடுக்கல."

எட்டு மணிக்கு ஃபோன் அடித்தது. அக்கா எடுத்தாள். அவர் சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்காவின் பக்கத்துப் பேச்சு மட்டும்தான் கேட்டது.

"ஆமா. தண்ணிதான்... இல்ல, ரத்தம் இல்ல... சாப்பிட்டுச்சு... சரி. சரி. வச்சுடறேன்."

"என்னவாம்?"

"மருந்தை நிறுத்தாதீங்க, நாளைக்கும் இப்படியே இருந்தா கொண்டு வந்து காட்டுங்கன்னாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப நாலாம் நாளே சொல்லியிருந்தா, இதையேதான் சொல்லியிருப்பாங்களா?" என்று கேட்டார்.

"சொல்லியிருப்பாங்களோ, கூண்டுல போட்டிருப்பாங்களோ, யாரு கண்டா? நீதான் கேக்கவே இல்லியே."

வேலைக்கு நேரமாகிவிட்டது. கருவிப் பெட்டியை எடுக்க எழுந்தார். கரித்துணி சோபாவுக்கு அடியிலிருந்து வெளியே வந்தது. இருவரையும் கண்டுகொள்ளாமல் நடந்து, கழுவி வைத்த தட்டில் ஏறி, மணலைப் பறிக்கத் தொடங்கியது. பறிக்கிற சத்தம் நின்றது. அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.